வியாழத் தண்ணி

தேனி டாக்டர் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், கஞ்சியும் காப்பியும் அதற்குள் அடக்கம். என் வீட்டுக்காரர் ஏசுதாஸின் இருதயம் வீங்கிப்போய்ப் பாதி வேலைதான் செய்கிறதாம். உள்ளே போகிற தண்ணீரை வெளியே தள்ள அதற்குத் தெம்பில்லாமல், அது காலிலும் நெஞ்சிலும் கட்டிக்கொள்கிறதாம். “பாரம் தூக்கக் கூடாது. மேடு ஏறக் கூடாது. மீறினா உயிருக்கே ஆபத்து, புரியுதா?” என்று கேட்டார் டாக்டர். ஏசுதாஸ் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைக் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். காதில் விழுந்தது என்று அர்த்தம். கேட்பேன் என்று அர்த்தமில்லை.

பஸ் போடிமெட்டுக்கு ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“கத்தரீ, விபூதிப் புதன் எப்ப வருது?”

“எதுக்கு?”

“சும்மாத்தான் கேட்டேன்.”

சும்மா கேட்கிற ஆளா அவர்? தவக்காலம் தொடங்குகிற நாள் அது. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் எங்கள் எஸ்டேட் கோயிலிலிருந்து குருசுமலை உச்சி வரைக்கும் பலாமரக் குருசைச் சுமக்கிறவர் அவர்தான். அவருக்கு முன்னால் அவர் அப்பா சுமந்தார். இரண்டு ஆள் சேர்ந்து தூக்கிவைத்தால்தான் தோளில் ஏறும், அவ்வளவு கனம். நன்றாக இருக்கிற மனிதனுக்கே உச்சி போய்ச் சேர்வதற்குள் வாயில் நுரை தள்ளும். இவர் டாக்டரின் மேசைக்கும் கதவுக்கும் நடுவிலேயே இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து வைத்தேன். காலையில் நிரப்பி, ஒவ்வொரு மடக்காக என் கையாலேயே ஊற்றிக் கொடுத்தேன். இல்லாவிட்டால் அவர் குடத்தோடு கவிழ்த்துக்கொள்வார். “தண்ணிக்கும் கங்காணி வச்சாச்சா?” என்று கேலி செய்வார். ஆனாலும் என் கையைப் பார்த்தபடிதான் இருப்பார்.

எங்கள் லயங்களில், எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற வீட்டு வரிசைகளில், ஒரு வழக்கம் உண்டு. மூணாறு பக்கத்து ஆட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். தவக்காலம் கோடையில் வரும், கோடையில் எங்கள் ஊற்று வற்றும். ஏலச்செடிக்கு விடத் தண்ணீர் வேண்டும், குடிக்கவும் வேண்டும். ஊற்றடியில் குடத்தோடு குடம் மோதும், அடுத்து வாய் மோதும், அப்புறம் மண்டை உடையும். அதே ஆட்கள் வெள்ளிக்கிழமை ஒன்றாகச் சிலுவைப்பாதை போவார்கள். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் பார்த்தார்கள், இது ஆண்டவரைக் கேலி செய்கிற மாதிரி இருக்கிறதே என்று ஒரு ஏற்பாடு பண்ணினார்கள். பெரிய வியாழன் சாயங்காலம், பாதம் கழுவுகிற பூசை முடிந்ததும், குருசு சுமக்கப்போகிறவர் வீடு வீடாக வந்து வாசலில் நிற்கவேண்டும். அந்த வீட்டுக்காரர் தன் கையால் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டும். கொடுத்தால், உன்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை என்று அர்த்தம். மனத்தாங்கல் இருந்தால் செம்பைக் கவிழ்த்து வைத்து, காரணத்தை எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் மரக்கட்டை தட்டுவதற்குள் அதைச் சரிக்கட்டித் தண்ணீர் வாங்கிவிட்டால் சரி. பெரிய வெள்ளியில் கோயில் மணி அடிக்கமாட்டார்கள், மரக்கட்டைதான். அதற்குள் தண்ணீர் கிடைக்காவிட்டால் குருசு அந்தத் தோளில் ஏறாது. ஒரே ஒரு வீடு மறுத்தாலும் ஏறாது.

இதற்குப் பெயர் வியாழத் தண்ணி. கடைசியாக நிற்கிற வாசல் அவருடைய சொந்த வாசல், கொடுப்பது வீட்டுக்காரி. அது வெறும் சம்பிரதாயம். மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா என்று கல்யாணத்தன்று பெண்ணிடம் கேட்கிற மாதிரி. எந்தப் பெண்பிள்ளையும் அங்கே செம்பைக் கவிழ்த்ததில்லை.

விபூதிப் புதனன்று வழக்கம்போலக் குருசு எங்கள் வீட்டு வராந்தாவுக்கு வந்தது. ஊதாத் துணி போர்த்திச் சுவரோடு சாய்த்து வைத்தார்கள். அன்றிலிருந்து ஒறுத்தல். கருவாடு நின்றது, கறி நின்றது, பீடி நின்றது. அவர் ஒறுத்தால் நானும் ஒறுத்த மாதிரிதான், அதை எந்தச் சாமியும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. ஒரு நாள் காலையில் வராந்தாவைக் கூட்டும்போது துணி மடிப்பிலிருந்து வெள்ளை மாத்திரைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. உடம்பில் கட்டுகிற நீரை இறக்குவதற்கு டாக்டர் கொடுத்த மாத்திரைகள்.

“இது என்னங்க?”

“ஒறுத்தல்.”

“மாத்திரையையா ஒறுப்பீக?”

“ஆண்டவருக்கு யாரு மாத்திரை குடுத்தா? அவர் சொமக்கலையா?”

“அவருக்கு முப்பத்திமூணு வயசு. உங்களுக்கு என்ன வயசு?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிக் கிடந்தன. உட்கார்ந்தபடிதான் தூங்கினார், படுத்தால் மூச்சு முட்டியது. நான் உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கி, ஒன்றை அவர் வாயிலேயே திணித்துத் தண்ணீர் ஊற்றினேன். விழுங்கினார். மறுநாள் வேறு இடத்தில் ஒளித்துவைத்தார்.

மகன் வினோவுக்குப் போன் போட்டேன். அவன் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, எலப்புள்ளியில் கல்யாணம் பண்ணிக்கொண்டு அங்கேயே குடியிருக்கிறான். “லீவு தரமாட்டாங்கம்மா. எப்படியாச்சும் நீதான் நிப்பாட்டணும்” என்றான். என்னால் நிப்பாட்ட முடிந்தால் உனக்கு ஏன்டா போன் போடுகிறேன்? மருமகள் செல்வப்பிரியா போனை வாங்கினாள். “ஏனுங்கத்தே, மாமாகிட்ட நான் ஒருக்கா சொல்லிப் பாக்கட்டுங்களா?” என்றாள். நல்ல பிள்ளை. சொல்லிப் பார்த்தாள். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

கடைசியில் பங்குச் சாமியாரிடம் போனேன். சகாயம் அச்சன் இளவயது, எங்கள் கோயிலுக்குப் புதிது. டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். உடனே பதறிப்போய் வீட்டுக்கு வந்தார். வராந்தாவில் குருசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“அச்சா, என்னை அவருக்குக் குடுத்தாச்சு. குடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமா?” என்றார் என் வீட்டுக்காரர்.

அவ்வளவுதான். அச்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வாசலில் என்னிடம், “இவ்வளவு பெரிய விசுவாசத்துல நான் எப்படிம்மா கை வைக்கிறது?” என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டேன். கையில் இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அச்சன் எங்கள் வீட்டைப் பற்றியே பேசினார். தன்னைக் கையளிப்பது என்றால் என்ன என்று தெரியவேண்டுமானால் நம் ஏசுதாஸ் அண்ணனைப் பாருங்கள் என்றார். அவர் ஏற்கெனவே தன் பிள்ளையையே ஆண்டவருக்குக் கொடுத்தவர் என்றார். கோயிலில் இருந்த அத்தனை தலையும் பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பிள்ளையைக் கொடுத்த கதையைப் புதிதாக வந்த அச்சன்வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். நடந்ததை நான் சொல்கிறேன். எங்கள் மூத்தவள் நிமிக்கு அப்போது ஏழு வயது. பெரிய வெள்ளியன்று காலையிலேயே உடம்பு நெருப்பாகக் கொதித்தது. “வந்து பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு இவர் குருசைத் தூக்கிக்கொண்டு போனார். மதியம் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. அப்போது எங்கள் பக்கம் வண்டி என்றால் எஸ்டேட் ஜீப் ஒன்றுதான். அதை ஓட்டுகிற சுவக்கீன் இவருக்குப் பின்னால் குருசின் அடியைத் தாங்கிக்கொண்டு மலையில் இருந்தான். பக்கத்து வீட்டுச் சித்ரா அப்போது தாவணி போட்ட பிள்ளை, மாரியம்மனைக் கும்பிடுகிற வீடு. அவளை மேலே ஓடச் சொன்னேன். ஒன்பதாம் ஸ்தலத்தில், ஆண்டவர் மூன்றாம் முறை கீழே விழுகிற இடத்தில், அவரைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். இவர் குருசை இறக்கவில்லை. “ஆண்டவர் பாத்துக்குவார். முடிச்சுட்டு வாரேன்” என்றாராம். முடித்துவிட்டுத்தான் வந்தார். ஜீப் போடிக்கு இறங்குகிற வழியில், பாதி வளைவு தாண்டுவதற்குள், பிள்ளை என் மடியிலேயே அடங்கிவிட்டது.

அடக்கத்தில் அவர் அழவில்லை. அதையும் விசுவாசம் என்றார்கள். கொடுத்தவர், கொடுத்தவர் என்று ஊரே சொன்னது. பத்து மாதம் சுமந்தவளிடம் நீ கொடுத்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் பெரிய வியாழனன்று இவர் வாசலில் வந்து நின்றபோது செம்பை நீட்டினேன். அதற்கு அடுத்த வருடமும் நீட்டினேன். கை பழகிவிட்டது.

பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறன்று மத்தியானம் ஒரு காரியம் செய்தார். நான் ஊற்றுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சுவக்கீனைக் கூப்பிட்டுக் குருசைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஏலக்காய் ஸ்டோர் வரைக்கும் நடந்து பார்த்திருக்கிறார். நான் குடத்தோடு வருகிறேன், இவர் வழியில் மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலமாக இருந்தது. நெஞ்சுக்குள்ளே சளசளவென்று சத்தம். சுவக்கீன் குருசைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மூச்சு திரும்பியதும் என்னைப் பார்த்துச் சொன்னார்: “குருசுக்கு அடியில சாகக் குடுத்துவைக்கணும், கத்தரீ.”

“சரி, நீங்க போயிருவீக. எனக்கு?”

“உனக்கு ஆண்டவர் இருக்கார்.”

நிமிக்கும் அவர்தான் இருந்தார். அதை நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை இவர் ஒன்பதாம் ஸ்தலத்தைக்கூடப் பார்க்கமாட்டார். டாக்டர் சொல்லி ஆகவில்லை, அச்சன் சொல்லி ஆகவில்லை, மகன் சொல்லியும் ஆகவில்லை. இவர் மதிக்கிற சட்டம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி, அது என் கையில் இருந்தது. செம்பு.

காரணம் சொல்லவேண்டுமே, அதற்காக அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். அடித்தார் என்று சொல்லலாம் என்றால், அவர் என்மேல் கைநீட்டியதே கிடையாது. பெரிய வியாழன் அன்று புருஷன்மேல் பொய்ப் பழி போட எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் ஆடு ஞாபகம் வந்தது. நான் வளர்த்த கிடாயை, என்னைக் கேட்காமல், போன கோயில் திருநாளுக்குக் கொடுத்துவிட்டார். அது நிஜம். அதற்கு நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்ததும் நிஜம். ஆட்டுக்காகப் புருஷனுக்குத் தண்ணீர் மறுத்தவள் என்று லயமே காறித் துப்பும். துப்பட்டும், துடைத்துக்கொள்ளலாம். மனத்தாங்கலோடு இருக்கிறவள் பாஸ்காவுக்கு, உயிர்த்த ஞாயிறு பூசையில், நற்கருணை வாங்கமுடியாது. அதையும் ஆண்டவரோடு பேசிக்கொள்ளலாம். இவர் செத்துப்போனால் யாரோடு பேசுவது?

வியாழக்கிழமை பூசையில் அச்சன் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவினார். இவரும் அதில் ஒருத்தர். அச்சன் காலைத் துடைக்கும்போது கட்டைவிரல் அழுந்திய இடம் குழியாகி, அப்படியே நின்றது. அச்சன் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து முத்தம் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பூசை முடிந்து வீடு வீடாகக் கிளம்பினார்கள். முன்னால் இவர், பக்கத்தில் சுவக்கீன், பின்னால் அச்சனும் பாட்டுப் பாடுகிறவர்களும் மொத்த லயமும். வெளிச்சம் இன்னும் இருந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரு மடக்கு. நான் சொட்டுச் சொட்டாக அளந்து கொடுத்த மனிதனுக்கு ஊரே தண்ணீர் ஊற்றியது. சித்ரா வீட்டிலும் நின்றார்கள், வியாழத் தண்ணிக்கு மதம் கிடையாது. அவளும் கொடுத்தாள். அடுத்து எங்கள் வாசல்.

அவர் வந்து நின்றார். நெஞ்சு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணத்தன்றுகூட அவரிடம் அதை நான் பார்த்ததில்லை. உள்ளங்கைகளைக் குவித்து நீட்டினார்.

நான் செம்பைக் கவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன்.

பாட்டு நின்றுபோனது.

“மதினி, செம்பு தெரியாமக் கவுந்துருச்சு” என்றான் சுவக்கீன்.

“தெரிஞ்சுதான் கவுத்தேன்.”

அச்சன் முன்னால் வந்தார். “அம்மா, காரணம் சொல்லணும்” என்றார் மெதுவாக.

ஆடு என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்திருந்தேன்.

“ஒன்பதாம் ஸ்தலத்துல நீங்க குருசை எறக்கல” என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் நீட்டிய கை நீட்டியபடி நின்றது. நிறுத்தியிருக்கலாம், காரணம் சொல்லியாகிவிட்டது. நிறுத்த முடியவில்லை.

“புள்ள இழுத்துக்கிட்டுக் கெடக்குதுன்னு இந்தச் சித்ரா வந்து சொன்னா. நீங்க எறக்கல. ஒரு மரத்தைக் கீழ வச்சுட்டு வர உங்களால முடியல. புள்ளையக் குடுத்தாரு, குடுத்தாருங்காக. உங்களுது மட்டுமா அவ? என் மடியில கெடந்தவளை யாரைக் கேட்டுக் குடுத்தீக? அவ அப்பா வாராரா, அப்பா வாராரான்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. நான் வாராரு, வாராருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்தப் பொய்யை என் வாயால சொல்ல வச்சீக.”

சித்ரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுவக்கீன் தலை குனிந்து நின்றான்.

என் வீட்டுக்காரர் கையைத் தாழ்த்தினார். என்னோடு தனியாக இருக்கிற மாதிரி, சின்னக் குரலில் பேசினார்.

“இன்னைக்கு எறக்கலாம்னா, அன்னைக்கும் எறக்கிருக்கலாம்ல, புள்ள. அதுக்குத்தான எறக்காமச் சொமக்கேன்.”

எனக்கு அது தெரியாது. இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்தும் தெரியாது. கர்வத்தில் சுமக்கிறார், பக்தியில் சுமக்கிறார் என்று நினைத்திருந்தேன். இறக்கிவைத்தால் நிமி சும்மா செத்துப்போனதாக ஆகிவிடும் என்று பயந்து சுமந்திருக்கிறார்.

அப்புறம் அவர் கேட்டார்: “அப்ப, இம்புட்டு வருஷமா நீ குடுத்த தண்ணி?”

அதற்கு நான் பதில் சொல்லியிருக்கலாம். கொடுத்ததெல்லாம் நிஜம், உங்கள் உயிருக்காகத்தான் இன்றைக்கு இந்த நாடகம் என்று சொல்லியிருந்தால், அவர் முகம் மலர்ந்திருக்கும். மறுபடியும் கையைக் குவித்திருப்பார். நான் ஊற்றியிருப்பேன். மறுநாள் மலையில் செத்திருப்பார். அது மட்டும் காரணமில்லை. எது நிஜம், எது நாடகம் என்று அந்த நேரத்தில் எனக்கே பிடிபடவில்லை. அவர் கவிழ்ந்த செம்பைச் சுற்றிக்கொண்டு, என்மேல் உரசாமல், உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அச்சன் வந்தார். அவர் தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது. ஏசுதாஸ் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அச்சன் என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டார்.

“மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. இன்னைக்கு என்ன நாள்? ஆண்டவர் எல்லாரையும் மன்னிச்ச நாள்.”

“மன்னிச்சா தண்ணி குடுக்கணும் அச்சா. தண்ணி குடுத்தா அவர் சொமக்கணும். சொமந்தா செத்துருவார். அந்தக் காலை நீங்கதான கழுவுனீக? உங்க விரல் அழுந்துன குழியப் பாத்தீகல்ல? நான் எதைச் செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்.”

அச்சன் என்னையே பார்த்தார். மெதுவாக அவருக்கு விளங்கியது. என் தலைமேல் கை வைக்க வந்தார், வைக்கவில்லை. திரும்பிக் கோயிலைப் பார்த்து வேகவேகமாக நடந்தார். கொஞ்ச நேரத்தில் மரக்கட்டைச் சத்தம் கேட்டது. வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே கேட்டது. அவரே தட்டிக் கெடுவை முடித்திருக்கிறார்.

குருசைச் சுவக்கீன் சுமப்பது என்று முடிவானது. மரக்கட்டைக் கெடு மறுக்கப்பட்டவருக்குத்தான் என்று, அவசரத்துக்கு அன்று காலையிலேயே வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வாங்கினான். தன் வாசல் மட்டும் பாக்கி என்றபோது எங்கள் வாசலுக்கு வந்தான். அழுதுகொண்டிருந்தான்.

“மதினி, நானும் அன்னைக்கு மேலதான் இருந்தேன். ஜீப்புச் சாவி என் மடியிலதான் இருந்துச்சு.”

“நீ அவ அப்பன் இல்ல” என்று சொல்லிச் செம்பை நீட்டினேன். அவன் குடித்தான். உள்ளேயிருந்து ஏசுதாஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் குடித்து முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

குருசு வராந்தாவை விட்டுப் போனது. லயமே காலியானது. அவர் வெளியே வந்து, சுவரில் குருசு சாய்ந்திருந்த இடத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். மலையிலிருந்து பாட்டு கேட்கும், நிற்கும், மறுபடியும் கேட்கும். ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் பாட்டு நின்று முழங்கால் போடுவார்கள். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் ஸ்தலத்தில் பாட்டு நின்றபோது, “நிமி” என்றார். அப்புறம் அழுதார். பிள்ளை அடக்கத்தில் அழாத மனிதன், தரையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் போனேன். தலையைத் தூக்காமலே ஒரு கையை மட்டும் உயர்த்தினார். கிட்டே வராதே என்று. நான் நின்றுவிட்டேன்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அவர் உயிரோடு இருக்கிறார். ஒளித்து வைக்காமல் மாத்திரை சாப்பிடுகிறார், கால் வீக்கம் வடிந்துவிட்டது, படுத்துத் தூங்குகிறார். போன மாதம் டாக்டர், “பரவாயில்லையே, நல்லாப் பாத்துக்கிறீங்களே” என்று என்னைப் பாராட்டினார். லயத்தில் என்னிடம் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. ஊற்றடியில் எனக்கு வழி விடுகிறார்கள், என் குடத்தோடு யாரும் மோதுவதில்லை, மரியாதையால் இல்லை. கோயிலில் கடைசிப் பெஞ்சில் உட்காருகிறேன். நற்கருணைக்கு எழுந்து போவதில்லை. அச்சன் என்னை ஒன்றும் கேட்பதில்லை, நான் எதற்குக் கவிழ்த்தேன் என்று அவருக்கு மட்டும் தெரியும்.

மாத்திரையை அவர் என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார். தண்ணீரை மட்டும் வாங்குவதில்லை. காலையில் அவரே எழுந்து பாட்டிலை நிரப்பி வைத்துக்கொள்கிறார், அளவுக்கு மேல் ஒரு மடக்கு குடிப்பதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். கேட்டால் ஆமாம், இல்லை என்கிறார். அவ்வளவுதான் எங்கள் வீட்டுப் பேச்சு.

இந்த வருடமும் சுவக்கீன்தான் சுமக்கிறான். நேற்றுப் பெரிய வியாழன். சுவக்கீன் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். கூட்டமும் போனது. செம்பைக் கழுவி வைக்கலாம் என்று குனிந்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால், இவர் வாசலுக்கு வெளியே போய், குருசு சுமக்கிறவர் நிற்கிற இடத்தில் நிற்கிறார்.

“கத்தரீ, தண்ணி குடு” என்றார்.

ஒரு வருடத்தில் முதல் தடவையாக என் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். கையைக் குவித்திருந்தார். செம்பில் இன்னும் தண்ணீர் இருந்தது. குருசைத்தான் திருப்பிக் கேட்கிறாரா, இல்லை என்னைக் கேட்கிறாரா? முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. என்னைக் கேட்கிறார் என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது. ஓடிப்போய் அந்தக் கையில் ஊற்றவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் சுவக்கீன் இன்னும் லயத்தைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை மரக்கட்டைக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பாக்கி இருந்தது, நான் ஊற்றிவிட்டால் அதற்குள் அவர் குருசைத் திருப்பிக் கேட்கலாம்.

“பானையில இருக்கு, மொண்டுக்கங்க” என்றேன்.

அவர் குவித்த கையைத் தாழ்த்தினார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, உள்ளே போய் மொண்டு குடித்தார்.